லாங் ரன்னில் தண்ணீர்க் கணக்கு தப்பும்போது: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

மூன்று மணி நேரம் ஓடி முடித்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குமட்டல், கிறுகிறுப்பு. சுற்றி நிற்கிற அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி குடிங்க." பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அவர் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் குடித்திருந்தால், அடுத்த ஒரு பாட்டில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும் முதலில் வருவது இதே தலைவலியும் குமட்டலும்தான். முகத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எடை மெஷின் சொல்லிவிடும்.

அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் கேள்வி மாறாது: ஓடுவதற்கு முன் எடை என்ன, இப்போது என்ன? இங்கே கொடுத்துள்ள அளவுகள் சென்னைக் கடலோரத்தில் 20 முதல் 42 கி.மீ. வரை ஓடுகிறவர்களை மனதில் வைத்தவை. விடியற்காலை 5 மணிக்கே காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் ஊர் இது. வெயில் ஏறவில்லையே, வியர்வை குறைவாகத்தான் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது, உடம்போ குளிரவில்லை என்று இன்னும் சுரக்கிறது. டிசம்பரில் கோயம்புத்தூரில் ஓடும்போது ஒரு பாட்டிலில் சமாளிக்கும் அதே ஆளுக்கு இங்கே மூன்று பாட்டில் தேவைப்படலாம்.

இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்

பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது. இதில் ஒன்று இருந்தாலும் இது தாகப் பிரச்சினை இல்லை. ஒன்று வெப்பத் தாக்கு, இல்லையென்றால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

உடம்பு கொதிக்கிறதென்றால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்வியுங்கள். "தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத் தாக்கு" என்ற பழைய பாடத்தை ஓட்டக்காரர்கள் விஷயத்தில் நம்ப வேண்டாம். வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அக்குளிலோ நெற்றியிலோ வைக்கும் தெர்மாமீட்டர் இந்த நேரத்தில் குறைத்துக் காட்டும். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்குவதுதான் முதல்தரச் சிகிச்சை. ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் நாலைந்து துண்டுகளை ஐஸ் தண்ணீரில் நனைத்து உடம்பு முழுக்கப் போர்த்தி, சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். விசிறிவிடுவது மட்டும் ஈரக் காற்றில் அவ்வளவாக உதவாது. பாராசிட்டமால் காய்ச்சலுக்கானது, இதற்குப் பயன்படாது.

உடம்பு அவ்வளவு சூடில்லை, ஆனால் குழப்பமோ வலிப்போ இருக்கிறது, வழியெல்லாம் நிறையக் குடித்தார் என்றால் அந்தத் தகவலை ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். "ரன்னர், நீர்ச்சத்து குறைந்திருக்கும்" என்று வேகமாகச் சாதாரண டிரிப் ஏற்றுவது இங்கே நிலைமையை மோசமாக்கலாம். சோடியம் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிய அளவில் ஏற்றுவதுதான் முறை.

முதலில் உங்கள் கணக்கை எடுத்து வையுங்கள்

ஒரு சாதாரண வார இறுதி ஓட்டத்தில் இதைச் செய்துவிடலாம். ஓடப் போகும் முன் கழிவறை போய்விட்டு, உடை இல்லாமல் எடை பாருங்கள். ஒன்றரை மணி நேரம் வழக்கமான பேஸில் (ஓட்ட வேகத்தில்) ஓடுங்கள். குடிப்பதை அளந்த பாட்டிலில் மட்டும் குடியுங்கள். திரும்பியதும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை. நனைந்த பனியனோடு ஏறினால் கணக்கு கெட்டுவிடும்.

உதாரணம்: முன்பு 68.0 கிலோ, பின்பு 66.6. இடையில் குடித்தது 500 மி.லி. குறைந்தது 1.4 கிலோ, குடித்ததையும் சேர்த்தால் வியர்வை 1.9 லிட்டர். ஒன்றரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 1.25 லிட்டர். நடுவில் சிறுநீர் கழித்திருந்தால் அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.

இந்த 1.25 லிட்டரையும் மணிக்கு மணி திரும்ப ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றவும் முடியாது, ஓடும்போது பலருக்கு வயிறு மணிக்கு 800 மி.லி.க்கு மேல் தாங்காது. குறைந்த எடையில் ஒரு பங்கு எரிந்த கொழுப்பும் மாவுச்சத்தும், அதோடு சேர்ந்து வெளியான நீரும். ஆகவே உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் குறைந்து முடிப்பது சரியான முடிவுதான். மேலே சொன்ன ஆள் மூன்று மணி நேரம் ஓடினால் 3.75 லிட்டர் வியர்ப்பார். 2 கிலோ குறையலாம் என்று விட்டுவிட்டால் குடிக்க வேண்டியது ஏறக்குறைய 1.8 லிட்டர். மணிக்கு 600, அதாவது கால் மணிக்கு 150 மி.லி. ஒரு சின்ன டம்ளர். தாகம் இதற்கு முன்னே எடுத்தால் குடியுங்கள், எடுக்கவே இல்லையென்றால் இந்த எண்ணுக்காகத் திணிக்காதீர்கள்.

அக்டோபரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என மூன்று முறை எடுத்து வைத்தால் வருடம் முழுக்கப் போதும்.

அறிகுறி: தலைவலி, குமட்டல், எடை ஏறியிருக்கிறது அல்லது குறையவே இல்லை

இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு, மூன்று மணி நேரம் வியர்த்துவிட்டு வந்தவருக்கு எடை குறைந்தே ஆக வேண்டும். 58 கிலோவில் கிளம்பியவர் 58.7 கிலோவில் திரும்பினால், உள்ளே போன தண்ணீர் வெளியேறவில்லை. விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, வாட்ச் பட்டை தடம் பதிப்பது, வயிறு ஊதியது போலிருப்பது கூடவே வரும். வீங்கிய விரல் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். கையை வீசி வெகுநேரம் ஓடினாலே விரல் வீங்கும். எடையும் தலைவலியும் சேரும்போதுதான் கவனம்.

ஓய்வாக இருக்கும்போது சிறுநீரகம் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேலும் வெளியேற்றிவிடும். நீண்ட ஓட்டத்தில் சிறுநீரைத் தடுக்கும் ஹார்மோன் சுரந்தபடி இருப்பதால் அந்தக் கதவு பாதி மூடிக்கொள்கிறது. குடித்தது ரத்தத்தில் தங்கிச் சோடியத்தை நீர்க்க வைக்கிறது. லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைவு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேர் இந்தக் கோட்டிலோ அதற்குக் கீழேயோ இருந்தார்கள், மூன்று பேர் 120 அல்லது அதற்கும் கீழே. ஓட்டத்தில் எடை கூடியதோடுதான் அது மிக வலுவாகப் பொருந்தியது. நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடம் அதிகம் இருந்தது. வேகமாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாகப் போகிறவர் வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று இரண்டு கப் குடிக்கிறார், வியர்ப்பதோ குறைவு.

செய்ய வேண்டியது: குடிப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் மட்டுமில்லை, இளநீர், எலக்ட்ரோலைட் பானம் எல்லாவற்றையும். விளையாட்டு பானத்தில் இருக்கும் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவுதான், ரத்தத்திலோ 140. அதைக் குடித்தாலும் நீர்த்துத்தான் போகும். உப்பு பிஸ்கட், ஊறுகாய், உப்புக்கடலை ஏதாவது சாப்பிட்டு, நன்றாகச் சிறுநீர் போகும்வரை உட்காருங்கள். தனியாக விடக் கூடாது. வாந்தி எடுத்தாலோ தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ மேலே சொன்ன 108-தான். ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை எடுப்பவர்கள், சில மனச்சோர்வு மாத்திரைகள் எடுப்பவர்கள் இந்தச் சிக்கலில் எளிதாக மாட்டுவார்கள். மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

அறிகுறி: அதே தலைவலி, எடை 3 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது

வாய் ஒட்டுகிறது, தாகம் தெளிவாக இருக்கிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது. இது நீர்ச்சத்துக் குறைவு. அரை லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் உப்புள்ள பானம். ஒரு மணி நேரத்துக்குள் தெளிவு வந்துவிட வேண்டும்.

எடை ஒன்றரை சதவீதம்தான் குறைந்திருக்கிறது, தாகமும் இல்லை, ஆனால் எட்டு மணிக்கு மண்டை இடிக்கிறது என்றால் இன்னொரு சாத்தியம்: காபி குடிக்காதது. தினமும் ஆறு மணிக்கு டிகாக்ஷன் ஏற்றிப் பழகிய உடம்பை நாலரை மணிக்கு எழுப்பி வெறும் வயிற்றோடு ஓட்டினால் அது கேட்கத்தான் செய்யும். கிளம்பும் முன் அரை டம்ளர் குடிப்பதில் தவறில்லை. அந்த அளவு காபி குடித்தால் உடம்பு வறண்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அறிகுறி: வயிற்றில் தண்ணீர் களக் களக் என்று குலுங்குகிறது

வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்கவில்லை. காரணம் மூன்று, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது சர்க்கரைச் செறிவு. 6 முதல் 8 சதவீதம், அதாவது லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை நன்றாக இறங்கும். பாட்டிலில் அடைத்த பழச்சாறும் குளிர்பானமும் 10 சதவீதத்தைத் தாண்டுபவை. இதைவிட அதிகம் பேர் செய்யும் தவறு, ஜெல்லை (ஓடும்போது ஆற்றலுக்காகச் சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) விளையாட்டு பானத்தோடு விழுங்குவது. 25 கிராம் மாவுச்சத்துள்ள ஜெல்லும், 150 மி.லி. பானத்தில் உள்ள 9 கிராமும் சேர்ந்தால் வயிற்றில் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட பாகு. ஜெல்லுக்கு வெறும் தண்ணீர், 200 மி.லி. அளவு. இதை மட்டும் மாற்றினாலே பலருக்குக் குலுங்கல் நின்றுவிடும்.

இரண்டாவது அளவு. ஒரு மணி நேரம் குடிக்காமல் இருந்துவிட்டு அரை லிட்டரை மொத்தமாக ஊற்றினால் குலுங்கத்தான் செய்யும். மூன்றாவது வேகம். மூச்சு வாங்கப் பேச முடியாத வேகத்தில் ரத்தம் கால்களுக்குப் போய்விடுகிறது, வயிறு வேலையைக் குறைத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடம் நடந்து அல்லது மெதுவாக ஓடிப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் இருபது நிமிடத்துக்கு வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலாவில் குத்துவதும் பெரும்பாலும் இதன் உறவுதான். இனிப்பான பானத்தை அதிகம் குடித்தவர்களுக்கு அது சீக்கிரம் வரும். வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தைக் கையால் அழுத்தியபடி ஆழமாக மூச்சை விட்டால் விட்டுப்போகும்.

அறிகுறி: கெண்டைக்கால் பிடிப்பு

"உப்பு போச்சு, அதான் பிடிக்குது" என்பார்கள். உடம்பு முழுக்கச் சுற்றும் ரத்தத்தில் உப்பு குறைந்தால், ஓடி உழைத்த அந்த ஒரு தசை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? பெரும்பாலான பிடிப்புக்குக் காரணம் தசைக் களைப்பு. பயிற்சியில் 25 கி.மீ. தாண்டாத கால் 35-ஆவது கி.மீ.யில் பிடிக்கிறது. நின்று, பாதத்தை முழங்காலை நோக்கி இழுத்து அரை நிமிடம் நீட்டினால் விடுவதே இதற்குச் சாட்சி. நீட்டுவதால் உப்பு ஏறிவிடுவதில்லை. ஊறுகாய்த் தண்ணீர் குடித்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் பிடிப்பு விடுவதை 2010-இல் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் உப்பு ரத்தத்தைச் சேர்ந்திருக்க வழியில்லை. தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாக வேலை செய்கிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கெண்டைக்காலில் தொடங்கித் தொடை, வயிறு, கை என்று பரவிப் பிடித்தால், கறுப்பு பனியனில் வெள்ளைத் திட்டு கனமாகப் படிந்திருந்தால், உங்கள் வியர்வையில் உப்பு அதிகம் போகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் சிலருக்கு 500 மி.கி., சிலருக்கு 1,500 மி.கி.க்கும் மேல். இத்தகையவர்களுக்கு அடுத்த பகுதியில் வரும் பானம் உதவும்.

அறிகுறி: என்ன குடித்தாலும் தாகம் அடங்கவில்லை

வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் வாய் நனையும், உடம்பு அதைத் தக்க வைத்துக்கொள்ளாது. பானத்தில் சோடியம் வேண்டும். வீட்டில் கலக்க: 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய கால் டீஸ்பூன் தூள் உப்பு (சுமார் 1.5 கிராம், சோடியம் 590 மி.கி.), சர்க்கரை 50 முதல் 60 கிராம், ஒரு எலுமிச்சம்பழச் சாறு. கல் உப்பை ஸ்பூனால் அளக்காதீர்கள், கல்லின் பருமனுக்கு ஏற்ப எடை மாறும். இந்துப்பும் பெருமளவு அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு.

இளநீரை நம்பி ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ தலைகீழ். ஓடி முடித்த பிறகு உப்புக்கடலையோடு குடித்தால் அருமை. ஓடும்போது அதை மட்டும் நம்பினால் தாகம் அடங்காது. குளுக்கோஸ் பவுடர்களில் பலவற்றில் உப்பு பெயருக்குத்தான். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எத்தனை மி.கி. என்று பாருங்கள்.

ஓஆர்எஸ் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. சோடியம் 1,700 மி.கி.க்கு மேல் கிடைக்கும், சர்க்கரை மிகக் குறைவு. ஆக, அதை ஓட்டத்துக்கான ஆற்றலாக நினைக்காதீர்கள், கூடவே வாழைப்பழமோ கடலைமிட்டாயோ வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது பழக்கமாகிவிட்ட பிழை. ரத்தத்தைவிடச் செறிவாகிப்போன அந்தக் கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பத்தாவது நிமிடம் நீங்கள் கழிவறை தேடுவீர்கள். கடையில் டெட்ரா பேக்கில் கிடைக்கும் இனிப்பு பானமெல்லாம் ஓஆர்எஸ் ஆகாது. இந்தக் கலவையில் இல்லாதவை அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

அறிகுறி: பேஸ் மாறவில்லை, இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது

வியர்வை போகப் போக ரத்தத்தின் கன அளவு குறைகிறது, இதயம் அதே வேலைக்கு அதிகம் அடிக்க வேண்டியிருக்கிறது. பத்து துடிப்பு வரை ஏறுவது வெக்கையில் இயல்பு. அதற்கு மேல் ஏறினால் பேஸை விட்டுவிட்டுத் துடிப்பைப் பார்த்து ஓடுங்கள். தலையில் ஊற்றும் தண்ணீர் இதமாக இருக்கும், ஆனால் அது குடித்த கணக்கில் வராது. ஏய்ட் ஸ்டேஷனில் (வழியில் தண்ணீர் கொடுக்கும் இடத்தில்) இருந்த இரண்டு கப்பில் ஒன்றைத் தலையில் கவிழ்த்துவிட்டு இரண்டு கப் குடித்ததாக எழுதி வைப்பவர்கள் உண்டு.

அறிகுறி: முடிவுக்கோட்டைத் தாண்டி நின்றதும் மயக்கம்

தடத்தில் ஓடும்போதே விழுந்தால் அபாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். முடித்து நின்ற பிறகு சாய்ந்தால், பெரும்பாலும் காரணம் எளிது: கால் தசைகள் பம்ப் போல ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன, திடீரென நின்றதும் ரத்தம் காலில் தேங்கிவிட்டது. மல்லாக்கப் படுக்கவைத்து, காலை ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். பத்து, இருபது நிமிடத்தில் முகம் தெளியும். தெளியவில்லையென்றால் உள்வெப்பத்தையும் சோடியத்தையும் பார்க்க வேண்டும். டிரிப் ஏற்றச் சொல்லி அவசரப்படாதீர்கள். முடித்தவுடன் பத்து நிமிடம் நடந்தால் இது வராமலே போகும்.

அறிகுறி: சிறுநீர் அடர் நிறம்

அடர் மஞ்சள் என்றால் கொஞ்சம் குடிக்க வேண்டும், அவ்வளவே. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவருக்கு எவ்வளவு குடித்தாலும் பளீர் மஞ்சள்தான், முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டவருக்குச் சிவக்கும். டிகாக்ஷன் நிறத்தில் வந்தால், தொடை தொட முடியாமல் வலித்தால், அன்றே ஆஸ்பத்திரி. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ வலிக்காக இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுவது இந்த ஆபத்தையும் சோடியம் இறங்கும் ஆபத்தையும் சேர்த்தே கூட்டுகிறது.

அறிகுறி: மறுநாள் காலையும் எடை திரும்பவில்லை

ஓடிய அன்று குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 லிட்டர் வரை, நாலைந்து மணி நேரத்தில் பரப்பிக் குடிக்க வேண்டும். ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதால் இந்தக் கூடுதல். உப்பில்லாமல் குடித்தால் அந்தப் பங்கு இன்னும் பெரிதாகும். அதற்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்: இட்லி சாம்பார், உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர், மதியம் ரசம். முந்தின இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு இருந்தால் மோர் விட்டுக் கரைத்து, தொட்டுக்கொள்ள மாவடுவோ நார்த்தங்காயோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மாவுச்சத்து, உப்பு மூன்றும் ஒரே கிண்ணத்தில் கிடைத்துவிடும். இதையெல்லாம் செய்தும் மறுநாள் முக்கால் கிலோவுக்கு மேல் குறைந்தே இருந்தால் அன்றைய ஓட்டத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள்.